இரண்டாவது சரி

இன்னும் நாற்பத்தொரு மணித்தியாலம் இருந்தது. புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அஸ்ரா எண்ணிப் பார்த்தபோது அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை, டொராண்டோ நேரம் காலை பத்து மணிக்கு, அரிசோனாவில் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் அவளுடைய கம்பனியின் பன்னிரண்டு டாப்லெட்டுகளைப் பாவனைக்கு விடப் போகிறார்கள். அங்கே வேலை செய்யும் இளம் தாதிமார் பலருக்கு அந்தப் பக்கத்துப் பழங்குடிகளின் நவஹோ மொழி வராது. அங்கே வரும் முதியவர்கள் சிலருக்கு ஆங்கிலம் வராது. தாதி திரையில் ஒரு படத்தைத் தொட்டால், அதற்குரிய நவஹோச் சொல்லை ஒரு பெண்ணின் குரல் சொல்லும். மருந்து, வலி, தண்ணீர், ஓம், இல்லை என்று ஆயிரத்துச் சொச்சம் அன்றாடச் சொற்கள்.

அஸ்ரா படங்களைச் சும்மா தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, அவ்வளவுதான். மரத்தின் படத்தைத் தொட்டாள்.

"ச்சிதித்ஸோ" என்றது மரம்.

அவளுக்கு நவஹோவில் ஏழெட்டுச் சொற்கள் தெரியும். அதில் ஒன்று ச்சிதி. கார். அதைச் சொல்லும்போது ஒலிப்பதிவில் அந்தப் பெண் மெல்லச் சிரித்திருந்தாள், அதனால் மனதில் நின்றது. த்ஸோ என்றால் பெரியது. பெரிய கார் என்றால் லொறி. மரத்துக்குள் லொறி எப்படி வந்தது?

அடுத்த படம் லொறி. தொட்டாள். அது வேறு எதையோ சொன்னது.

அவள் இரசாயனம் படித்தவள். பரிசோதனை பிழைத்தால் வந்த வழியே பின்னால் நடந்து போக வேண்டும் என்று பழகியவள். இணையத்தில் ஓர் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தாள். பட்டியல் ஆங்கில அகரவரிசையில் இருந்தது. மருந்தைத் தொட்டால் பால் என்றது. பாலைத் தொட்டால் காசு என்றது. காலையைத் தொட்டால் ஷிமா, என் அம்மா, என்றது. அம்மாவைத் தொட்டால் ட்ஸில் என்றது. அகராதியில் ட்ஸில் என்றால் மலை. ஒவ்வொரு சொல்லும் தனக்கு அடுத்த வீட்டுக்காரனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நானூற்று முப்பத்தோராவது வரியில் கால் தட்டியது. அதற்கு முன்னால் எல்லாம் சரி. அந்த வரியில் ஆங்கிலத்தில் இருந்த சொல், செத்தவரின் ஆவி. பேய். பட்டியலில் ஒரு குறிப்புப் பத்தி உண்டு. யாரோ அதை மறைத்து வைத்திருந்தார்கள். அஸ்ரா அதை விரித்தாள். அந்த வரிக்கு நேரே, சொற்களைப் பதிந்த பெண் ஒரு வசனம் எழுதியிருந்தாள்.

'இதை நான் வாயால் சொல்வதில்லை. விட்டுவிடுங்கள்.'

அந்தப் பெண்ணின் பெயர் லோரீன் பெனலி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வீட்டில் சத்தம் என்று, தன்னுடைய வாகனத்தை வெட்டவெளியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பதினொரு நாள் இருந்து ஆயிரத்து இருநூறு சொல்லையும் பதிந்து அனுப்பியவள். அஸ்ரா மூலப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டாள். நானூற்று முப்பத்தொன்றில் நாலு விநாடி மௌனம். கண்ணாடிக்கு வெளியே காற்று. பிறகு அடுத்த சொல்.

அஸ்ராவுக்கு அது புதுமையாக இல்லை. அவளுடைய உம்மா மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல விடமாட்டா. வீட்டை விட்டு இறங்கும்போது 'போறன்' என்று சொன்னால் திருப்பிக் கூப்பிட்டு 'வாறன்' என்று சொல்ல வைப்பா. சில சொற்களை வாயில் எடுக்கக்கூடாது என்றால் எடுக்கக்கூடாது. ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது. மௌனத்தைப் பழுதான துண்டு என்று நினைத்து வெட்டி எறிந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஓரடி முன்னால் வந்துவிட்டார்கள். கடைசி வரி வெறுமையாகக் கிடக்கிறது என்று கண்ட யாரோ அதை அழித்துவிட்டார்கள். ஆயிரத்து இருநூறு இப்படித்தான் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனது. எழுநூற்று அறுபத்தொன்பது வரிகள் பிழை.

இப்படியான பிழை நடக்கும் என்றுதான் கம்பனியில் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு 'சரி' விழ வேண்டும். முதலாவது, சொல்லைத் தந்தவர் பதியும்போதே போடுவது. இரண்டாவது, அதே மொழி பேசும் இன்னொருவருடையது. அவர் முதலாமவருக்குப் பழக்கமில்லாதவராக இருக்க வேண்டும், ஒவ்வொரு துண்டையும் கேட்டுவிட்டுத்தான் சரி போட வேண்டும். இரண்டும் விழுந்தால் கோப்பு பூட்டிக்கொள்ளும். பிறகு திறப்பதென்றால் முதலாளி அன்ட்ரூவுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கோப்பில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரியிலும் இரண்டாவது சரி விழுந்திருந்தது. பத்தியின் தலையில் பெயர்: அ. ரஸாக். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: தாய்மொழியாளர்.

ரஸாக் அவளுடைய வாப்பாவின் பெயர்.

*

அடுத்த நாள் காலை கௌஷிக் வரும்வரை அவள் மேசையில் கோப்பிக் கோப்பையைத் தொடாமல் இருந்தாள்.

கௌஷிக் கோயம்புத்தூர்க்காரன். மொழிப் பிரிவுக்குப் பொறுப்பு. பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டிக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தவளை, அவளுடைய பட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டு இந்த மேசையில் இருத்தியவன். இரண்டு வருசம் விடியற்காலை நாலரைக்கு யாரோ ஒருவரின் வான் வண்டியில் ஐந்து பேரோடு நெருக்கிக்கொண்டு பிறம்ரனுக்குப் போனவளுக்கு, அந்த மேசையும் அதற்குப் பக்கத்து யன்னலும் சின்ன விசயம் இல்லை. அதனால் எட்டு மாதத்துக்கு முன் அவன் வந்து, "இரண்டாவது ஆள் கிடைக்கலை அஸ்ரா, நீங்க டிக் பண்ணிடுங்க, ஃபார்மாலிட்டி தான்" என்றபோது, அவள் "ஓம்" என்று சொன்னாள். முதல் இருநூறு சொல்லையும் கேட்டுக் கேட்டுத்தான் போட்டாள். கேட்டு என்ன? சரியா பிழையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு கேட்காமலே போட்டாள். மூன்று நாளில் முடிந்தது. தாய்மொழியாளர் என்ற சொல்லை அவன் பிறகு சேர்த்திருந்தான். அவள் அதைக் கண்டாள். கண்டும் விட்டுவிட்டாள்.

இப்போது அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு கௌஷிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல."

"நல்லது. அடுத்த வெர்ஷன் மூணு மாசத்துல வருது. அதுல சத்தமில்லாம மாத்திடலாம்."

"மூண்டு மாசம் அவங்க இதத்தானே பாவிக்கப் போறாங்க. மருந்து எண்டு தொட்டாப் பால் எண்டு சொல்லுது."

"பால் உடம்புக்கு நல்லதுதானே." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். "சரி, ஜோக் வேணாம். இங்க பாருங்க. கோப்பைத் திறக்கணும்னா காரணம் எழுதணும். எழுநூத்தி சொச்சம் பிழை, ரெண்டாவது ஆள் எப்படி விட்டார்னு கேட்பாங்க. யார் அந்த ரெண்டாவது ஆள்? நீங்க. நீங்க யாரு?"

அவள் ஆறிப்போன கோப்பியைத் தள்ளி வைத்தாள்.

"நான் சும்மா சொல்லலை. என் வொர்க் பர்மிட் இந்த வேலையோட கட்டிக் கிடக்கு. வீட்டுல ஸ்ரீதேவிக்கு அடுத்த மாசம் டெலிவரி. உங்களுக்காவது கனடா பாஸ்போர்ட் இருக்கு. நான் நாளைக்கே பெட்டியைக் கட்டணும்."

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு வீடியோ கால்," என்றான் எழும்பிக்கொண்டே. "அந்த கிளினிக் நர்ஸ் உங்களுக்கு நன்றி சொல்லணுமாம். ரெண்டு ரிவ்யூவரையும் பார்க்கணும்னு ஒரே அடம். கேமரா வேலை செய்யலைன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒரு வார்த்தை பேசினாப் போதும். அவங்க பாஷைல ஆமாவுக்கு என்ன?"

"ஆவோ."

"அப்புறம் என்ன? நீங்கதான் எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்னு மந்திரம் சொல்ற ஆளாச்சே. அதையே அவங்க பாஷைல சொல்லிடுங்க."

அவன் போன பிறகு அவள் தமிழ்க் கோப்பைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கம்பனி அடுத்து விடப்போவது அதுதான், இலங்கைத் தமிழ். அதற்குச் சொற்களைத் தந்தவள் அவள். முதலாவது சரி முழுக்க அவளுடையது. ஆங்கிலத்தில் சகோதரி என்று ஒற்றைச் சொல்லாக இருந்த இடத்தில், 'மூத்தவளா இளையவளா? எங்களுக்கு இரண்டு வரி வேண்டும்' என்று குறிப்பு எழுதி, ராத்தா, தங்கச்சி என்று இரண்டையும் பதிந்து கொடுத்திருந்தாள். யாரோ இரண்டையும் எடுத்துவிட்டு, சகோதரி என்று ஒரு யந்திரக் குரலைப் போட்டிருந்தார்கள். அவளுடைய வீட்டில் யாரும் யாரையும் சகோதரி என்று கூப்பிட்டதில்லை.

நவஹோக் கோப்பில் அதே இடத்தில் லோரீன் எழுதியிருந்ததும் இப்போது தெரிந்தது. 'எந்தச் சகோதரி? எங்களுக்கு இரண்டு சொல்.'

இரண்டாவது சரி போட யாரைப் பிடித்தார்கள் என்று பார்க்க, பத்தியை விரித்தாள். தலையில் பெயர் இருந்தது. லோரீன் பெனலி.

அஸ்ரா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கீழே இறங்கினாள். ஒரு வரியிலும் சரி இல்லை. பத்தி முழுக்க வெறுமை. முதலாவது வரியில் மட்டும் ஒரு குறிப்பு.

'எனக்கு இந்த மொழி தெரியாது. தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்.'

தேதி எட்டு மாதத்துக்கு முந்தியது. கௌஷிக் அவளுடைய மேசைக்கு வந்து ஃபார்மாலிட்டி தான் என்று சொன்ன அதே நாள். ஒரே நாளில் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறான். ஒருத்தி ஒரு வரி எழுதிவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டாள். மற்றவள் ஓம் என்று சொன்னாள்.

அந்தப் பத்தியை அவள் திரும்ப மூடவில்லை.

*

வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய அப்பார்ட்மென்ட் ஆறாவது மாடி. கதவைத் திறக்கும்போதே உம்மா ஸெய்னம்பு போனில் கதைப்பது கேட்டது. ஸெய்னம்புவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து லண்டன் வரைக்கும் ஆட்கள் உண்டு. எல்லாருக்கும் மகளின் வேலை தெரியும்.

"ஓம் கா, செவ்விந்தியர்ட பாஷைதான். இவள் சரி எண்டு செல்லாட்டி அங்க ஒண்டும் நடக்காதாம். நாளைக்கு அமெரிக்காவில இரிந்து ஆஸ்பத்திரி ஆக்கள் கூப்பிட்டு நன்றி செல்லப் போறாங்களாம். நேர்லயே! ... ஆ, வந்திட்டாள். இந்தா, அவள்ட வாயால கேளு."

உம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு, தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினா.

"ட்ஸில்!"

"அது என்ன கா?" என்றது போன்.

"உம்மா எண்டு அர்த்தம். இவள்தான் பழக்கின. இப்ப நான் இவளுக்குப் போன் எடுத்தா, ட்ஸில் பேசுறன் எண்டுதான் செல்லுற."

ஏழு மாதம் இருக்கும். டாப்லெட்டை முதல்முதல் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, தாயின் படத்தைத் தொட்டுக் காட்டி அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இந்த மனிசி ஏழு மாதமாகத் தன்னை மலை என்று சொல்லித் திரிகிறா. ஹலால் கடையில் சொன்னா. எதிர்வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரிக்குச் சொன்னா.

உம்மா போனை வைத்துவிட்டுச் சோறு போட்டா. இறால் ஆணம் வைத்திருந்தா, நல்ல நாளுக்கு வைப்பது போல.

"என்ன புள்ள, முகம் செத்துக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல உம்மா."

"நாளைக்குக் கதைக்கப் பயமா? உனக்கு எப்பவும் நாலு பேருக்கு முன்னால வாய் வராதே. அந்த ஆக்கள்ட பாஷையில கதைச்சிக் காட்டு. வாப்பா இரிந்தா எவ்வளவு சந்தோசப்படுவாரு. அவர்ட பேரும் அதில இரிக்கெண்டு செல்லின நீ?"

"ஓம்" என்றாள் அஸ்ரா.

இரண்டு தரம் வாயைத் திறந்தாள். ட்ஸில் என்றால் உம்மா இல்லை என்ற ஒற்றை வசனம்தான். அதை இழுத்தால் அதற்குப் பின்னால் எழுநூற்று அறுபத்தெட்டும் சேர்ந்து வரும் என்று தெரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். உம்மா இன்னும் இரண்டு இறாலை அவளுடைய தட்டுக்குத் தள்ளிவிட்டா.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, கௌஷிக் அவளுடைய மடிகணினிக் கேமராவின் மேல் ஒரு மஞ்சள் தாளை ஒட்டினான். பிறகு எதிர் மேசையில் போய்த் தன்னுடையதைத் திறந்துகொண்டான். அன்ட்ரூ தன் அறையிலிருந்து சேர்ந்தார். திரையில் ஐந்து பெட்டிகள். ஒன்று கறுப்பு. அதன் அடியில் அ. ரஸாக்.

ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே என்பார்கள். அங்கே பேர் மட்டும் கிடந்தது, ஊர் இல்லாமல்.

ஒரு பெட்டியில் தாதி. நாற்பது வயது இருக்கும், பின்னால் சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம். மற்றதில் ஒரு வாகனத்தின் முன் இருக்கை. ஸ்டியரிங் சில்லுக்குப் பின்னால், நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டிய ஒரு பெண். அவள் வாயைத் திறந்ததும் அஸ்ராவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு தரம் கேட்டிருக்க வேண்டிய குரல்.

தாதி வணக்கம் சொல்லிவிட்டு நீளமாக நவஹோவில் ஏதோ பேசினாள். நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் முடித்ததும் லோரீன் தொடங்கினாள். அதே நடை, அதே நாலு நிறுத்தம். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

அன்ட்ரூ ஆங்கிலத்தில், "எங்களுக்கும் கொஞ்சம் சொல்லலாமா?" என்றார்.

"மன்னிக்க வேணும்," என்றாள் தாதி. "எங்கட ஆக்கள் சந்திச்சா முதல்ல இதுதான். அம்மாட குலம், அப்பாட குலம், ரெண்டு பக்கத்துப் பாட்டன்மார்ட குலம். அதைச் சொன்னாத்தான் யாருக்கு யார் என்ன முறை எண்டு தெரியும். பார்த்தா நான் இவவுக்கு மகள் முறை!"

"என்னை அப்ப அம்மா எண்டு கூப்பிடு," என்றாள் லோரீன். "பஸ்ஸில இலவசமா ஏத்துவன்."

டொராண்டோவில் எந்தக் கல்யாண மண்டபத்தில் போய் நின்றாலும் இரண்டு நிமிடத்தில் இந்தக் கேள்வி வரும். ஊரில எவடம்? யார்ட மகள்? கேட்டவரின் கண் முகத்தில் நிலைத்து நிற்கும், பதில் வரும்வரைக்கும். அஸ்ராவுக்கு அந்தப் பார்வை பழக்கம். கேமராவை மறைத்த தாளுக்கு அந்தப் பக்கம் இப்போது அதே பார்வை இரண்டு சோடிக் கண்களில் இருந்தது.

"இப்ப ரஸாக்," என்றாள் லோரீன். "நான் வேலைக்கு லீவு போட்டது உங்களைப் பார்க்கத்தான். எங்கட பக்கம் இந்தப் பேரில ஒருத்தரும் இல்லை. யார்ட பிள்ளையாக்கும், கனடாவில போய் எங்க கலியாணம் செய்தாவோ எண்டு எங்கட தங்கச்சியோட பந்தயம் பிடிச்சனான். சொல்லுங்கோ, உங்கட அம்மா என்ன குலம்?"

அவள் அதை நவஹோவிலும் ஒருமுறை கேட்டாள். மெதுவாக, ஒவ்வொரு துண்டாக, சொற்களைப் பதிந்தபோது சொன்ன மாதிரி.

அஸ்ராவின் திரையின் ஓரத்தில் கௌஷிக்கிடமிருந்து ஒரு செய்தி எழும்பியது. 'ஆவோ சொல்லிட்டு கட் பண்ணிடுங்க. மைக் பிரச்சினைன்னு சொல்லிக்கிறேன்.'

அவள் எதிர் மேசையைப் பார்த்தாள். கௌஷிக் அவளைப் பார்க்கவில்லை. விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. ஸ்ரீதேவிக்கு வளைகாப்பு நடந்தபோது அவள் போய் மஞ்சள் சோறு தின்றுவிட்டு வந்திருந்தாள்.

ஒரு விநாடி. இரண்டு. காற்று கூட இல்லாத அலுவலகம். மூன்று. நாலு. இந்த மௌனத்தையும் யாராவது பழுதான துண்டு என்று வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் இருப்பதை ஓரடி முன்னுக்கு இழுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கேட்குதா?" என்றாள் லோரீன். அவளுடைய குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தாதியின் பின்னால் கதவு திறந்தது. ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து இருந்தார். இன்னொரு இளம் தாதி அவருக்கு முன்னால் டாப்லெட்டை நிமிர்த்தி வைத்து, விரலை நீட்டினாள்.

அஸ்ரா மஞ்சள் தாளை உரித்தாள்.

லோரீன் முன்னுக்குக் குனிந்து பார்த்தாள். அவள் எதிர்பார்த்த முகம் அதுவல்ல. ஆனாலும் சிரிப்பை உடனே எடுக்கவில்லை, பொறுத்திருந்தாள்.

"அந்த டாப்லெட்டை அவருக்குப் பக்கத்தால எடுங்கோ," என்றாள் அஸ்ரா. "மருந்து எண்டு தொட்டா அது பால் எண்டு சொல்லும். ஓம் எண்டு தொட்டா வேற எதையோ சொல்லும். நானூற்று முப்பத்தொண்டில இருந்து எல்லாம் பிழை."

"என்ன சொல்றா இவ?" என்றார் அன்ட்ரூ. "அதெப்படிப் பிழைக்கும்? ரெண்டு பேர் பார்த்த கோப்பு. ரெண்டாவதா ஒரு தாய்மொழியாளர் கேட்டு..."

"கேக்கல்ல," என்றாள் அஸ்ரா. "ரெண்டாவது ஆள் எண்டு ஒருத்தர் இருக்கேல்ல. அந்தச் சரியெல்லாம் நான் போட்டது. எனக்கு இந்த மொழி தெரியாது."